கண்டக்டரின் மாடிப்படியும் எங்கள் வீட்டு எலிப்டிகலும்

சென்ற பொங்கலுக்குப் பிரான்சிலிருந்து வந்திருந்த மகன், வந்த மூன்றாம் நாளே டேப்பை எடுத்துக்கொண்டு கூடத்தை அளக்க ஆரம்பித்தான். எதற்கு என்று கேட்டேன். "அம்மாவுக்கு ஒரு எலிப்டிகல் வாங்கிப் போடப்போறேன்ப்பா. அங்க பாதிப் பேர் வீட்டுல இருக்கு. வேலோ எலிப்தீக்" என்றான்.

வேலோ என்றால் சைக்கிள். எலிப்தீக் என்றால் நீள்வட்டமான. உட்கார சீட்டு இல்லாத, ஓட்டிக்கொண்டு எங்கும் போக முடியாத ஒன்றுக்குச் சைக்கிள் என்று பெயர் வைக்கப் பிரெஞ்சுக்காரர்களால்தான் முடியும். நின்றபடி இரண்டு மிதிகளில் கால் வைத்து, இரண்டு நீண்ட கைப்பிடிகளை முன்னும் பின்னும் தள்ளி இழுக்க வேண்டும். பார்ப்பதற்குப் பனிச்சறுக்கு விளையாடுகிற மாதிரி இருக்கும். உங்களில் சிலர் பிள்ளைகள் வீட்டில் பார்த்திருப்பீர்கள்.

அவன் கவலையில் நியாயம் இருந்தது. என் மனைவியும் நானும் பல வருடங்களாக விடியற்காலையில் கடற்கரையில் நடந்தவர்கள். காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள் என்பதால் நிம்மதியாக நடக்கலாம். டூப்ளே சிலையில் தொடங்கி, காந்தி சிலையைத் தாண்டி, வடக்கு முனை வரை போய்த் திரும்புவோம். இரண்டு வருடம் முன்பு அவளுக்கு முட்டித் தேய்மானம் என்று சொன்னார்கள். முதலில் காந்தி சிலையோடு திரும்பினாள். பிறகு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து நான் வரும்வரை காத்திருந்தாள். பிறகு வருவதே நின்றுபோனது. நடை நின்றதும் சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், முட்டி நடக்காதே என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மகன் டேப்போடு நின்றான்.

ஆனால் எதிர்வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும். எதிர்வீட்டுச் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களை எங்கள் ஊரில் இன்னும் அப்படித்தான் சொல்கிறோம்) ஐந்து வருடம் முன்பு ஒரு டிரெட்மில் வாங்கினார். இப்போது அதன் கைப்பிடியில் அவருடைய லுங்கியும் அந்த அம்மாவின் உள்பாவாடையும் காய்கின்றன. மழைக்காலத்தில் மிகவும் உபயோகமாக இருப்பதாகச் சொன்னார்.

நான் 36 வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன். ஒரு மேஜை வாங்கவேண்டுமென்றாலும், இதற்கு முன் என்ன நடந்தது, யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று பழைய கோப்புகளைப் பார்த்துக் குறிப்பு எழுதித்தான் மேலே அனுப்புவோம். "பத்து நாள் பொறு, குறிப்பு எழுதிவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். மகன் சிரித்தான். நான் உண்மையாகவே எழுதினேன். அந்தக் குறிப்புதான் இங்கே கொஞ்சம் நீண்டிருக்கிறது.

ஓரிடத்தில் நின்றுகொண்டே கை காலை அசைக்கிற யந்திரம் புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1796-ல் லண்டனில் பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர் 'ஜிம்னாஸ்டிகான்' என்ற பெயரில் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். பிரெஞ்சுப் புரட்சி நடந்து ஏழு வருடம்தான் ஆகியிருந்தது. அதன் படத்தைப் பார்த்தால் நம் எலிப்டிகலுக்குக் கொள்ளுப்பாட்டன் என்று சொல்லிவிடலாம். காலுக்கு மிதி, கைக்குச் சுழற்றும் பிடி, நடுவில் ஆள். மூட்டுகள் இறுகிப்போனவர்களுக்கு என்று சொல்லித்தான் விற்றார். வெளியே போய் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு வழி என்ற எண்ணம் அன்றே வந்துவிட்டது. என் மனைவியின் பிரச்சினை 200 வருடத்துப் பிரச்சினை.

அடுத்து வருவதுதான் கொடுமையான அத்தியாயம். 1818-ஐ ஒட்டி வில்லியம் க்யூபிட் என்ற ஆங்கில எஞ்சினியர், சிறைக் கைதிகள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஒரு பெரிய உருளையைச் செய்தார். அதன் வெளிப்பக்கம் முழுக்கப் படிகள். கைதிகள் வரிசையாக ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு படியேறுவார்கள். ஏற ஏற உருளை கீழே இறங்கும். ஆகவே எவ்வளவு ஏறினாலும் அதே இடம். இதற்குப் பெயர்தான் 'டிரெட்மில்'. இன்று நாம் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற பொருளின் பெயர் தண்டனையின் பெயர். லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் 1821-ல் வைத்த சக்கரம் தானியம் அரைத்தது. பல சிறைகளில் அரைக்க ஒன்றும் இல்லாமல் வெறும் காற்றைத்தான் அரைத்தார்கள். எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு 1895-ல் கடுங்காவல் பெற்றபோது அவரையும் இதில் ஏற்றினார்கள். 1898-ல் சட்டம் போட்டுத்தான் ஒழித்தார்கள்.

பிரான்சும் சளைத்ததில்லை. மோன்-சேன்-மிஷேல் என்ற கடல் நடுவே நிற்கும் மடத்தைப் பள்ளிப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருக்கிறேன். அது 1863 வரை சிறைச்சாலையாக இருந்தது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அங்கே கைதிகள் ஒரு பிரம்மாண்டமான மரச்சக்கரத்துக்குள் இறங்கி நடக்க, அந்தச் சுழற்சியில் கீழேயிருந்து சாமான்கள் சரிவில் மேலே ஏறும். அந்தச் சக்கரத்தை இன்றும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். அங்கே போய்வந்த மகன் அதன் முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பியிருந்தான். அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை.

கைதிகளுக்குத் தண்டனையாக இருந்தது எப்படி வசதியுள்ளவர்களுக்கு வைத்தியமாக மாறியது? அதற்குக் காரணம் என்னைப் போன்ற குமாஸ்தாக்கள்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் ஆபீஸ்கள் பெருகின. நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை மட்டும் அசைத்துப் பிழைக்கிற ஒரு வர்க்கம் முதல்முறையாகப் பெரிய அளவில் உருவானது. ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் சாண்டர் என்ற மருத்துவர் 1865-ல் ஸ்டாக்ஹோமில் யந்திரங்களை வைத்து ஒரு வைத்தியசாலை தொடங்கினார். ஒரு யந்திரம் கையை மடக்கும், ஒன்று முதுகைத் திருப்பும், இன்னொன்று குதிரைச் சவாரி போல ஆட்டும். உட்கார்ந்தே இருப்பதால் வரும் கேட்டுக்கு இது மருந்து என்பதே அவருடைய விளம்பரம். புகைப்படங்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். கோட்டு, டை, முறுக்கிய மீசையோடு கனவான்கள் யந்திரத்தில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் முகத்திலும் வியர்வை இல்லை. 1876-ல் பிலடெல்பியா பொருட்காட்சிக்கு அவை போயின. பிறகு ஊர் ஊராகச் சாண்டர் நிலையங்கள் வந்தன. 1912-ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் மேல்தளத்தில்கூட மின்சார ஒட்டகம் ஒன்று இருந்தது. கடலில் போகிற பணக்காரர்களுக்கு ஒட்டகச் சவாரி! பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதி கூலிட்ஜ் வெள்ளை மாளிகையில் ஒரு மின்சாரக் குதிரை வைத்திருந்தார். அந்த ஒட்டகத்தையும் குதிரையையும் இன்று யார் வீட்டில் பார்க்கிறோம்?

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் எனக்குச் சொல்லாமல் விட மனம் வராத ஒருவர் உண்டு: எத்தியேன்-ஜூல் மரே. 1830-ல் போன் என்ற ஊரில் பிறந்த உடலியல் அறிஞர். 1882-ல் பாரிஸின் புவா-தெ-புலோஞ் பகுதியில் ஒரு வட்டமான ஓடுபாதை அமைத்து, மனிதர்களையும் குதிரைகளையும் நடக்கவிட்டு, ஓடவிட்டு, ஒரே தகட்டில் அடுத்தடுத்துப் படம் எடுத்தார். ஆள் முழுவதும் தெரிந்தால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அதனால் ஆளுக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால் நெடுக வெள்ளைக் கோடு ஒட்டிவிட்டார். தகட்டில் மனிதன் மறைந்து வெறும் கோடுகள் மட்டும் விசிறி போல விரிந்தன. மனிதன் நடக்கும்போது முட்டியும் கணுக்காலும் வெளியில் என்ன கோலம் போடுகின்றன என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இடுப்பை அசையாத புள்ளியாக வைத்துக்கொண்டால் பாதம் ஒரு நசுங்கிய வளையத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நடக்கிற ஒவ்வொருவரும் காற்றில் நீள்வட்டம் போடுகிறோம். இந்த யந்திரத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

மரேயின் படங்களில் ஓடியவர்களில் பலர் ராணுவ உடற்பயிற்சிப் பள்ளிச் சிப்பாய்கள். 1870-ல் ஜெர்மானியரிடம் தோற்ற அவமானத்தில் பிரான்சுக்கு உடற்பயிற்சிப் பைத்தியம் பிடித்திருந்த காலம் அது. 1880-ல் ஆண்பிள்ளைகளின் அரசுப் பள்ளிகளில் ஜிம்னாஸ்டிக்கைச் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கினார்கள். அந்தச் சட்டத்தின் வால் எங்கள் பள்ளி முற்றம் வரைக்கும் நீண்டிருந்தது என்று நினைக்கிறேன். கயிறு ஏறவேண்டும், "அன், தெ, அன், தெ" என்ற அதட்டலுக்குக் கையை விரிக்கவேண்டும். நான் ஒருநாளும் கயிற்றின் பாதியைத் தாண்டியதில்லை. ஜியோமெட்ரி வகுப்பில்தான் தப்பித்தேன். இரண்டு குண்டூசி, ஒரு நூல், ஒரு பென்சில் வைத்து எலிப்ஸ் வரைவது எனக்குப் பிடித்த பாடம். அந்த இரண்டு குண்டூசிப் புள்ளிகளுக்குப் பிரெஞ்சில் 'ஃபுவாயே' என்று பெயர். வீட்டு அடுப்பங்கரைக்கும் வீட்டுக்குமேகூட அதே சொல்தான். இதை என் மனைவியிடம் சொன்னேன். "அடுப்பங்கரையை நான் பாத்துக்கறேன், நீங்க நூலைப் பிடிங்க" என்றாள்.

இப்போது என் குறிப்பின் முக்கியமான பக்கத்துக்கு வருகிறேன். இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் நெஞ்சு அடைத்தது.

லண்டன் மாடிப் பஸ்களை நீங்கள் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஒரே பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போட நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரே வண்டி, ஒரே தெருப்புகை, ஏறக்குறைய ஒரே வகைக் குடும்பம். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், லண்டன் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் விவரங்களைத் திரட்டி 1953-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். மாரடைப்பு நோய் டிரைவர்களைவிடக் கண்டக்டர்களுக்குக் குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது, உயிரைக் கொண்டுபோவதும் குறைவு. கண்டக்டர்கள் ஒரு நாளில் ஏறிய படிகள் 500-லிருந்து 750 வரை.

அது பஸ்காரர்கள் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் அவர் அதோடு விடவில்லை. தபால் இலாகாவையும் எடுத்தார். சைக்கிளிலும் காலாலும் கடிதம் கொண்டுபோகிற தபால்காரர்களுக்கு நோய் குறைவு. அதே இலாகாவில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்த குமாஸ்தாக்களுக்கு அதிகம்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பியூன் இருந்தார். என்னைவிட நாலு வயது மூத்தவர். காலையில் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். நாள் முழுக்க நான் எழுதும் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி இறங்குவார். நான் நாற்காலியில் சாய்ந்து, "இதை அப்படியே சூப்பரிண்டெண்டிடம் கொண்டு போ" என்பேன். அவர் போகும்போது எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதை இப்போது மறைப்பதில் பயனில்லை. 61 வயதில் எனக்கு நெஞ்சுவலி வந்தது. மார்பில் ஒயர்களை ஒட்டி ஓடுபட்டையில் நடக்கவிட்டார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். உங்களில் பாதிப்பேர் அதில் நடந்திருப்பீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ராபர்ட் புரூஸ் என்ற டாக்டர் 1960-களில் வகுத்த முறை அது. இரண்டாம் கட்டத்திலேயே என்னை இறக்கிவிட்டார்கள். ஒரு ஸ்டெண்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க அந்தப் பியூன் ஆப்பிள் பையோடு வந்தார். லிஃப்டில் கூட்டம் என்று மூன்று மாடியும் நடந்தே ஏறி வந்தேன் என்றார். மூச்சு வாங்கவில்லை.

மாரிஸ் நேர்மையான மனிதர். தம் கண்டுபிடிப்பில் ஓட்டை இருக்குமோ என்று தாமே தோண்டினார். பஸ் கம்பெனி தைத்துக்கொடுத்த சீருடைகளின் கணக்கை எடுத்து 1956-ல் இன்னொரு கட்டுரை எழுதினார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரியது. வேலையில் சேரும் வயதிலேயே அப்படி! ஆக, கொஞ்சம் பருத்தவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போனார்களோ, எல்லாம் படியின் புண்ணியம் மட்டும் இல்லையோ என்ற சந்தேகம் எழுந்தது. இந்தத் தையற்காரர் கணக்கைப் படித்தபோது, ஒரு குமாஸ்தா எழுதிவைத்த வரிசை எண்களும் ஒருநாள் யாருக்காவது உதவும் என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு 1973-ல் அவர் வெளியிட்டது நேராக நமக்கே எழுதியது போல இருக்கும். இந்த முறை பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மேஜை வேலைக்காரர்கள் சுமார் 17,000 பேர். வேலையில் எல்லோரும் உட்கார்ந்தவர்களே. ஓய்வு நேரத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டார். நீச்சல், வேகநடை, தோட்டத்தில் மண்வெட்டுவது என்று மூச்சு வாங்கும்படி உழைத்தவர்களுக்கு மாரடைப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. பொழுதுபோக்காக லேசாக அசைந்தவர்களுக்கு அவ்வளவு பலன் இல்லை. நாற்காலி எடுத்துக்கொண்டதை மாலையில் திரும்ப வாங்கலாம், ஆனால் வியர்வை கொடுத்துத்தான் வாங்கமுடியும் என்று புரிந்துகொண்டேன். மாரிஸ் 2009-ல் தமது 99-ஆவது வயதில் இறந்தார். தொண்ணூறுகளிலும் உடற்பயிற்சியை விடவில்லை.

இதற்குள் அமெரிக்காவில் கடை விரித்துவிட்டார்கள். 1968-ல் கென்னத் கூப்பர் என்ற விமானப்படை மருத்துவர் 'ஏரோபிக்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். அதைப் படித்த வில்லியம் ஸ்டாப் என்ற எஞ்சினியர், குளிரிலும் மழையிலும் ஓட முடியாதவர்களுக்காக வீட்டில் வைக்கும் டிரெட்மில்லைச் செய்து விற்றார். கைதிகளின் யந்திரம் கடைசியில் இப்படித்தான் நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்கு வந்தது. ஸ்டாப் 2012-ல் இறந்தபோது வயது 96.

ஆனால் ஓடினால் முட்டி வலிக்கும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் தரை நம்மைத் திருப்பி அடிக்கிறது. ஓடி ஓடி முட்டி போன அமெரிக்கர்களுக்காக வந்ததுதான் எலிப்டிகல். லாரி மில்லர் என்ற எஞ்சினியர் தம் மகள் ஓடுவதைப் படம் பிடித்து, கால் போகும் பாதையைக் கணக்கிட்டு இதை அமைத்தார் என்றொரு கதை சொல்வார்கள். மரேயின் கறுப்புச் சட்டைச் சிப்பாய் ஞாபகம் வருகிறதா? 1995-ல் பிரிகோர் என்ற கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்னும் 30 வருடம்தான் ஆகிறது. மற்ற யந்திரங்களோடு பார்த்தால் பச்சைக் குழந்தை.

அதன் நல்ல குணம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. பாதம் மிதியை விட்டு எழும்புவதே இல்லை. எழும்பாத கால் தரையில் மோதுவதும் இல்லை. எடையைத் தாங்குகிறோம், ஆனால் அடி வாங்குவதில்லை. இன்னொன்றும் உண்டு. டிரெட்மில்லில் மோட்டார் பட்டையை இழுக்கும், நாம் ஈடுகொடுக்கவேண்டும், தடுமாறினால் அது நிற்காது. எலிப்டிகலில் நாம் நிறுத்தினால் சக்கரமும் ஓரிரு சுற்றில் அடங்கிவிடும். எளிய மாடல்களுக்குக் கரண்டும் வேண்டாம். காந்தத்தைச் சக்கரத்தின் அருகே நகர்த்தி இறுக்கத்தைக் கூட்டுகிறார்கள், அவ்வளவே.

குறைகளையும் குறிப்பில் எழுதினேன். ஏறி இறங்கும்போதுதான் ஆபத்து, ஏனென்றால் கால் வைத்ததும் மிதி நழுவும். கைப்பிடியைப் பிடித்தே நிற்பதால் விழாமல் நிற்கும் பழக்கம் வளராது, நம் வயதில் அதுதான் அதிகம் தேவை. தரை கொடுக்கும் அந்தச் சின்ன அடி எலும்புக்கு ஒரு மருந்து, அது இதில் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. அதோடு நம்மைப் போன்றவர்களுக்குச் சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் தனியாகச் சேர்த்திருக்கிறது. யந்திரத்தின் திரையில் வரும் கலோரி எண்ணை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். அது நம்மைச் சந்தோஷப்படுத்த வைத்த எண். விலை மலிந்த மாடல்களில் மிதியின் வீச்சு மிகவும் குட்டை. நடப்பதுபோல் இல்லாமல் மாடிப்படியில் நொண்டுவதுபோல் இருக்கும். ஏறி நின்று பார்க்காமல் படத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. நம் ஊரில் இன்னொரு தொல்லை கடற்காற்று. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளைக் கேட்டால் சொல்லும்.

இத்தனையும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு கேள்வியில் நின்றேன். இந்த 200 வருடத்தில் யார் இந்த யந்திரங்களை விடாமல் மிதித்தார்கள்? கைதி மிதித்தான், பின்னால் வார்டர் நின்றான். கண்டக்டர் படியேறினார், மேலே டிக்கெட் வாங்காத பயணி இருந்தார். சாண்டரின் கனவான் போனார், பணம் கட்டியாயிற்று, டாக்டர் காத்திருந்தார். எதிர்வீட்டுச் சொல்தாவின் டிரெட்மில்லுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அவர் சோம்பேறி இல்லை, பல வருடம் பட்டாளத்தில் அணிவகுத்தவர். அங்கே விசில் ஊத ஆள் இருந்தது.

குறிப்பின் கடைசிப் பத்தியில் இப்படி எழுதினேன்: பொருள் நல்லதுதான். முட்டி தேய்ந்தவருக்கு டாக்டர் சம்மதித்தால் வாங்கலாம். ஆனால் தினமும் யார் விசில் ஊதுவது என்று முடிவு செய்தபிறகே வாங்கவேண்டும்.

மகன் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "நான் ஊதறேன்ப்பா" என்றான்.

எலும்பு டாக்டரிடம் கேட்டோம், இறுக்கத்தைக் குறைத்து ஐந்து நிமிடத்தில் தொடங்கச் சொன்னார். 38,000 ரூபாய்க்கு வாங்கினோம். கடையில் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நாலு மாடலிலும் ஏறிப் பார்த்தாள். கடைப்பையன்கள் மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டார்கள். வீட்டில் சுவர் ஓரமாக வைத்தோம், ஏறி இறங்கப் பக்கத்திலேயே ஜன்னல் கம்பி பிடிக்கக் கிடைக்கும்.

அவனுடைய மதிய இடைவேளை நமக்கு மாலை ஐந்து மணி. கோடையில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பிவைப்பதால் நாலு மணி. சரியாக அந்த நேரத்துக்கு வீடியோவில் வருவான். போனை யந்திரத்தின் திரைக்கு முன்னால் செருகிவிட்டு, அவள் மிதித்துக்கொண்டே பேசுவாள். சாப்பிட்டாயா, பேத்திக்குச் சளி விட்டதா, இதுதான் பேச்சு. ஐந்து நிமிடம் பத்தாகி, பங்குனியில் இருபதாயிற்று. ஏப்ரலில் எடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. மாத்திரையையும் அந்த மாதம்தான் மாற்றினார்கள், ஆகவே புண்ணியம் யாருக்கு என்று மாரிஸ் போல நானும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. முட்டி வலி போகவில்லை, ஏறவும் இல்லை.

ஆகஸ்டில் அவனுக்கு வேலை நேரம் மாறியது. மூன்று வாரம் மதியத்தில் கூப்பிட முடியவில்லை. முதல் இரண்டு நாள் அவள் தானாக ஏறினாள். மூன்றாம் நாள், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். ஐந்தாம் நாள் குளித்துவிட்டு வந்து பார்த்தேன், கைப்பிடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. என் துண்டுதான். நான்தான் போட்டிருக்கிறேன், போட்டது ஞாபகமில்லை.

துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து வந்து யந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "என்னங்க இது?" என்றாள். "நீ ஏறு, நான் படிக்கறேன்" என்றேன். முதல் பக்கத்தை விட்டுவிட்டு உள்ளூர்ச் செய்தியிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள்.